கண்ணீர் எனும் காவல்



தோட்டப்புறத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்: "கண்ணுக்குள்ளே மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்குது." காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கிறது. வெயிலில் நின்றால் எரிகிறது. காற்றில் நடந்தால் நீர் தாரை தாரையாக வடிகிறது. ஐம்பது வயதைக் கடந்த தாய்மார்களிடம் இந்த முறையீடு அதிகம். வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? மருமகள் அலமாரியைத் திறக்கிறாள். போன வருஷம் பையனுக்குக் கண் சிவந்தபோது வாங்கிய சொட்டு மருந்து பாதிப் புட்டி மிச்சமிருக்கிறது. "இந்தாங்க அத்தை, இதுல ரெண்டு சொட்டு விட்டுக்குங்க. கிருமி எல்லாம் செத்துப் போயிடும்" என்கிறாள். அன்போடுதான் சொல்கிறாள்.

எரிச்சல் தீராமல், பிறகு ஒரு நாள் மருத்துவரிடம் போகிறார்கள். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்கள் கண் வறண்டு போயிருக்கிறது" என்கிறார். குடும்பமே திகைக்கிறது. "தண்ணீர் வடிகிற கண்ணைப் பார்த்து வறண்ட கண் என்கிறாரே!"

மருத்துவர் சொன்னது சரிதான். ஆனால் அது ஏன் சரி, அலமாரியில் இருந்த அந்தப் பழைய புட்டி ஏன் சரியல்ல என்பதை விளங்கிக்கொள்ள, மனிதன் தன் கண்ணீரையும் கண்மேல் வாழும் கிருமிகளையும் பற்றி அறிந்துகொண்ட சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். அந்தச் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் நமக்கு அண்டையிலுள்ள ஜாவாத் தீவிலேயே நடந்தது. வாருங்கள், ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

கண்ணீர் எங்கிருந்து வருகிறது?

துக்கம் வந்தால் கண்ணீர் வருகிறது. துக்கம் தோன்றுவது மூளையில். ஆகவே கண்ணீர் மூளையிலிருந்து கசிந்து வருகிறது என்று மேனாட்டு அறிஞர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1662-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்டென்சன் என்ற இளம் உடற்கூற்று அறிஞர் வேறு உண்மையை வெளியிட்டார். மேல் இமைக்கு உட்புறம், கண்ணின் வெளிக்கோடியில் ஒரு சுரப்பி இருக்கிறது. கண்ணீர் சுரப்பது அங்கேதான். கண்ணை ஈரமாக வைத்திருப்பதே அதன் வேலை என்றார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1666-இல், ஜெர்மனியின் ஹைன்ரிக் மைபோம் என்பவர் இமைகளின் ஓரத்தில் வரிசையாக அமைந்த சிறுசிறு எண்ணெய்ச் சுரப்பிகளை விவரித்தார். இன்றும் அவற்றுக்கு அவர் பெயர்தான். "கண்ணுக்கு எதற்கு எண்ணெய்?" என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க மேலும் பல தலைமுறைகள் ஆயின. இடையில் உலகத்தின் கவனமெல்லாம் வேறொன்றின்மீது திரும்பிவிட்டது. அதுதான் கிருமி.

கிருமி எதிரியாகத் தெரிந்த காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பிரசவ விடுதிகளில் ஒரு கொடுமை நடந்து வந்தது. பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தையின் கண் வீங்கும், சீழ் வடியும், சில நாளில் கருவிழி புண்ணாகிப் பார்வை போய்விடும். 1879-இல் ஆல்பர்ட் நைஸர் என்ற ஜெர்மானிய மருத்துவர், வெட்டை நோய்க்குக் காரணமான கிருமியை நுண்பெருக்காடியில் கண்டார். தாயின் உடலிலிருந்த அந்தக் கிருமிதான் பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணில் ஒட்டிக்கொள்கிறது என்பது தெளிவாயிற்று.

லைப்சிக் நகரப் பிரசவ விடுதியின் தலைவராக இருந்தவர் கார்ல் கிரேடே. அவர் 1880-இல் ஓர் எளிய முறையைத் தொடங்கினார். குழந்தை பிறந்தவுடன் இமைகளைத் துடைத்துவிட்டு, வெள்ளி நைட்ரேட் கரைசலைக் கண்ணாடிக் குச்சியால் தொட்டு, ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சொட்டு விட்டார். கரைசலின் வலிமை நூற்றுக்கு 2 பங்கு. அதுவரை அந்த விடுதியில் நூறு குழந்தைகளுக்கு ஏறத்தாழ 10 பேரைப் பிடித்து வந்த நோய், நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரே ஒரு சொட்டு! எத்தனை ஆயிரம் குழந்தைகளின் பார்வையை அது காப்பாற்றியது என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த வெற்றி மருத்துவ உலகத்தின் மனத்தில் ஓர் எண்ணத்தை ஆழமாகப் பதித்தது. கண்ணில் கிருமி இருந்தால் அது பகைவன், அதைக் கொல்லு, கண் பிழைக்கும். நம் மருமகள் பழைய புட்டியை எடுத்து நீட்டியதும் இதே எண்ணத்தில்தான். அன்றைக்கு லைப்சிக்கில் அது சரியாக இருந்தது. எல்லாக் கண்ணுக்கும், எல்லா நேரத்துக்கும் அது சரியா என்பதுதான் கேள்வி.

ஜாவாவில் கிடைத்த தடயம்

அந்த நாளில் உலகத்தை அச்சுறுத்திய இன்னொரு கண் நோய் டிரக்கோமா. மேல் இமையின் உட்புறச் சவ்வில் ரவை ரவையாகத் தடிப்புகள் தோன்றும். குழந்தைப் பருவத்தில் மீண்டும் மீண்டும் வந்து, ஆண்டுகள் போகப் போகச் சவ்வு தழும்பேறிச் சுருங்கும். இமை மயிர்கள் உட்பக்கம் மடிந்து, கண் சிமிட்டும்போதெல்லாம் கருவிழியைக் கீறும். தழும்பு மிகுந்தால், கண்ணுக்கு வழவழப்புத் தரும் நுண்ணிய சுரப்பிகளும் அழிந்து கண் வறளும். கீறலும் வறட்சியும் சேர்ந்து பார்வையைப் பறித்துவிடும்.

1798-இல் நெப்போலியனின் படை எகிப்துக்குச் சென்றது. அங்கே போர் செய்த பிரெஞ்சு வீரர்களும் ஆங்கில வீரர்களும் கண் நோயோடு ஊர் திரும்பினார்கள். லண்டனில் இன்று மூர்ஃபீல்ட்ஸ் என்று புகழ்பெற்ற கண் மருத்துவமனை 1805-இல் தொடங்கப்பட்டதற்கு அந்தக் கொள்ளைநோயும் ஒரு காரணம். நூறு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவுக்குக் குடியேறக் கப்பலேறிச் சென்ற ஏழைகளை நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் நிறுத்தி, பொத்தான் மாட்டும் கொக்கியால் இமையைப் புரட்டிப் பார்த்தார்கள். டிரக்கோமா இருந்தால் திரும்பும் கப்பல்தான். குடும்பமே கரையேற, ஒருவர் மட்டும் திருப்பி அனுப்பப்பட்டதும் உண்டு. பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் தீவிலிருந்த நோய்த்தடுப்பு முகாமில் காத்திருந்த நம் முன்னோர்களுக்கு அந்தத் தவிப்பு புரிந்திருக்கும்.

டிரக்கோமாவுக்கு எந்தக் கிருமி காரணம்? பலர் தேடியும் பிடிபடவில்லை. வெட்டை நோய்க் கிருமியைக் கண்ட அதே நைஸர், மேகநோயை ஆராய்வதற்காக ஒரு குழுவுடன் ஜாவாவுக்கு வந்திருந்தார். மனிதனைப் போன்ற வாலில்லாக் குரங்குகள் இந்த வட்டாரத்தில் கிடைக்கும் என்பதுதான் காரணம். அக்குழுவிலிருந்த ஹால்பர்ஸ்டேட்டர், புரோவாசெக் ஆகிய இருவர் 1907-இல் டிரக்கோமா நோயாளியின் இமையிலிருந்து சுரண்டி எடுத்ததை ஓராங் ஊத்தானின் கண்ணில் தடவிப் பார்த்தார்கள். பின்னர் அந்தச் சவ்வைச் சாயமேற்றிப் பார்த்தபோது, உயிரணுக்களுக்குள்ளே கூட்டமாகச் சில நுண்துகள்கள் தெரிந்தன. போர்வைக்குள் ஒளிந்திருப்பவை போல் இருந்ததால், போர்வை என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அவற்றுக்குப் பெயரிட்டார்கள். இன்று நாம் கிளமிடியா என்று சொல்லும் பெயருக்கு மூலம் அதுதான்.

கண்டாயிற்று, ஆனால் அந்தக் கிருமியை வளர்த்துக் காட்ட எவராலும் முடியவில்லை. புகழ்பெற்ற ஜப்பானிய அறிஞர் நொகுச்சி, 1920-களின் பிற்பகுதியில் வேறொரு பாக்டீரியாவைக் காட்டி இதுதான் காரணம் என்றார். அது பிழையென்று பின்னர் உறுதியாயிற்று. சீனாவின் தலைநகரில் பணியாற்றிய தாங் ஃபெய்ஃபான், 1950-களின் நடுவில் கோழி முட்டைக் கருவில் அந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார். வேண்டாத கிருமிகளை ஒழிக்க வழக்கமாகச் சேர்க்கும் பெனிசிலினை அவர் விலக்கிவிட்டு ஸ்ட்ரெப்டோமைசினைச் சேர்த்தார். பெனிசிலின் தேடும் கிருமியையே தாக்கிவிடும். அதனால்தான் மற்றவர்கள் தோற்றார்கள். 1957-இல் தம் முடிவை வெளியிட்ட தாங், அடுத்து அந்தக் கிருமியைத் தம் கண்ணிலேயே ஏற்றிக்கொண்டார். நோய் வந்தது. ஐயத்துக்கு இடமில்லாதபடி உண்மை புலப்பட வேண்டும் என்று, நாற்பது நாள் மருந்து போடாமல் பொறுத்திருந்தார். 1958-லேயே அவர் மறைந்துவிட்டார். ஆனால் டிரக்கோமாவின் மர்மம் விலகிவிட்டது.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். மேற்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பெரும்பாலான இடங்களில் டிரக்கோமா மறைந்தது மருந்தினால் அல்ல. நோய்க்கு ஏற்ற மருந்து வருவதற்கு முன்பே, நல்ல தண்ணீரும் நெரிசல் இல்லாத வீடும் கழிப்பறையும் அதை விரட்டத் தொடங்கிவிட்டன. இன்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் முறையிலும் அறுவை, மருந்து ஆகியவற்றோடு முகம் கழுவுவதும் சுற்றுப்புறச் சுத்தமும் சரிசமமாக இடம்பெறுகின்றன. இந்த வழியில் நேப்பாளம் 2018-இலும், மியன்மார் 2020-இலும், இந்தியா 2024-இலும் டிரக்கோமாவைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக அந்நிறுவனம் அறிவித்தது. வீட்டு வாசலுக்கு வரும் தண்ணீர்க் குழாயும் ஒரு கண் மருத்துவர்தான்.

எலுமிச்சம்பழத்தால் அழுத விஞ்ஞானிகள்

கிருமியைத் தேடிய கதை இது. இனி, கிருமியை எதிர்த்து நிற்கும் காவலைத் தேடிய கதைக்காகக் கொஞ்சம் பின்னே போவோம்.

1921-ஆம் ஆண்டு. லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்ற மருத்துவருக்குச் சளி பிடித்திருந்தது. தம் மூக்குச் சளியையே எடுத்துக் கிருமி வளர்க்கும் தட்டில் வைத்தார். சில நாள் கழித்துப் பார்த்தால், தட்டு முழுவதும் மஞ்சள் நிறக் கிருமிகள் வளர்ந்திருக்க, சளி இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் அவை கரைந்து போயிருந்தன. உடலிலிருந்து வரும் நீரில் கிருமியைக் கரைக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது! அடுத்து அவருக்குத் தோன்றியது கண்ணீர். கலங்கலாக இருந்த கிருமிக் கரைசலில் ஒரு துளி கண்ணீரை விட்டார். சற்று நேரத்தில் அது தெளிந்துவிட்டது.

ஆராய்ச்சிக்குக் கண்ணீர் ஏராளமாகத் தேவைப்பட்டது. எப்படிக் கிடைக்கும்? ஃபிளெமிங்கும் அவருடைய உதவியாளர் அல்லிசனும் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து, தங்கள் கண்ணிலேயே சாற்றைத் தெளித்துக்கொண்டு அழுதார்கள். அது போதாமல், ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர்களையும் அழ வைத்தார்கள். அங்கே ஊழியம் செய்த பையன்களுக்குச் சில்லறை கொடுத்துக் கண்ணீர் வாங்கினார்கள். மருத்துவமனையில் இது பெரிய வேடிக்கையாகிவிட்டது.

அந்தப் பொருளுக்கு லைசோசைம் என்று பெயர் வைத்து, 1922-இல் ஃபிளெமிங் கட்டுரை வெளியிட்டார். கிருமியின் வெளிச்சுவரை அறுத்து, அதை வெடிக்கச் செய்யும் நொதி அது. முட்டையின் வெள்ளைக் கருவிலும் அது நிறைய இருக்கிறது. அதற்கு முன்னர், 1921 டிசம்பரில், மருத்துவ ஆராய்ச்சியாளர் கூட்டமொன்றில் அவர் இதைப் பற்றிப் பேசியபோது ஒருவர்கூட ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். கொடிய நோய் தரும் கிருமிகளில் பலவற்றை லைசோசைம் எளிதில் கரைப்பதில்லை. ஆகவே மருந்தாகப் பயன்படாது என்று உலகம் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டது. அதே ஃபிளெமிங் 1928-இல் பெனிசிலினைக் கண்டபோதுதான் பெயர் பெற்றார். 1945-இல் நோபெல் பரிசும் வந்தது.

ஆனால் கண்ணைப் பொறுத்தவரையில் அந்த முதல் கண்டுபிடிப்பு பெரிய உண்மையைச் சொல்லியது. கண்ணீர் வெறும் உப்புத் தண்ணீர் அல்ல. பின்னர் வந்த ஆராய்ச்சிகள் அதில் இன்னும் பல காவலர்களைக் காட்டின. கிருமிக்கு உணவாகும் இரும்புச் சத்தை எட்டாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் ஒன்று. கிருமியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஒன்று. இமையும் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு சிமிட்டலிலும் தூசியையும் கிருமியையும் கூட்டி, மூக்கோரத் துவாரத்தின் வழியே வெளியேற்றுகிறது. நம் வழக்கில் சொன்னால், கண்ணீர் இரவும் பகலும் தூங்காத ஒரு ஜாகாக்காரர்.

காவல் தளர்ந்தால்

ஜாகாக்காரர் நோயில் படுத்தால் என்ன ஆகும்? 1903-இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஓட்டோ ஷிர்மர், கண்ணீரை அளக்க ஒரு சுலபமான வழி கண்டார். மையொற்றும் தாளைப் போன்ற ஒரு சிறு துண்டைக் கீழ் இமையில் மாட்டி, 5 நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பது. 5 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் கண்ணீர் மிகவும் வற்றியிருக்கிறது என்று பொருள். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் கண் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

சுவீடன் நாட்டின் ஹென்ரிக் ஷோக்ரென், கண் வறண்ட 19 பெண்களை ஆராய்ந்து 1933-இல் தம் பட்ட ஆய்வை வெளியிட்டார். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. வாயும் வறண்டிருந்தது. இது கண்ணோடு நிற்கும் நோயல்ல. உடல் முழுவதையும் சார்ந்தது என்று அவர் சொன்னார். அவருடைய ஆய்வுக்கு, பல்கலைக்கழக ஆசிரியராகும் தகுதி தரும் அளவுக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. இன்று அந்த நோய்க்கே அவர் பெயர். உடலின் எதிர்ப்புச் சக்தி வழிதவறித் தன் சொந்தச் சுரப்பிகளையே தாக்குவதால் அது வருகிறது என்பது பின்னர் தெரிந்தது.

மைபோம் கண்ட எண்ணெய்ச் சுரப்பிக்கும் விளக்கம் கிடைத்தது. கண்ணீர்ப் படலம் மூன்று அடுக்காக இருக்கிறது என்று 1946-இல் யூஜின் வுல்ஃப் என்ற மருத்துவர் விளக்கினார். அடியில் வழவழப்பான சளி, அது நீரைக் கண்ணோடு ஒட்ட வைக்கிறது. நடுவில் நீர். மேலே மெல்லிய எண்ணெய், அது நீர் ஆவியாகாமல் மூடி வைக்கிறது. இந்த மூன்றில் எது குறைந்தாலும் கண் வறளும்.

தண்ணீர் வடியும் கண்ணை வறண்ட கண் என்று மருத்துவர் சொன்னதன் பொருள் இப்போது விளங்குகிறது அல்லவா? எண்ணெய் அடுக்கு கெட்டுப்போனால் நீர் விரைவாக ஆவியாகிறது. கண்ணின் மேற்புறம் அங்கங்கே காய்கிறது, உறுத்துகிறது. உறுத்தல் தாங்காமல் சுரப்பி அவசர அவசரமாக நீரைக் கொட்டுகிறது. ஆனால் எண்ணெயும் சளியும் சரியாக இல்லாததால் அந்த நீர் கண்ணில் நிற்பதில்லை, கன்னத்தில் வழிந்தோடுகிறது. ஓட்டைக் குடத்தில் குழாயைத் திறந்துவிட்ட கதைதான்.

கண்மேல் குடியிருக்கும் அண்டை வீட்டார்

கடைசி அத்தியாயம் நம் காலத்தில் எழுதப்பட்டு வருவது. கண்ணில் கிருமி இருந்தாலே பகை என்று கிரேடே காலத்தில் எண்ணினார்கள் என்று சொன்னேன். ஆனால் நோயே இல்லாத நல்ல கண்ணைத் துடைத்து வளர்த்துப் பார்த்தபோதும் சில பாக்டீரியாக்கள் வளர்ந்தன. அவை தோலிலும் இமையிலும் சாதாரணமாக வாழும் சாதுவான இனங்கள். 2010-க்குப் பிறகு, கிருமியை வளர்க்காமலே அதன் மரபுப் பொருளைப் படித்து இனம் காணும் முறை கண்ணுக்கும் வந்தது. கண்ணின் மேற்பரப்பில் கிருமிகள் உண்டு. ஆனால் வாயிலும் தோலிலும் இருப்பதைவிட மிகமிகக் குறைவு என்பது அதனால் உறுதிப்பட்டது. கண்ணீரின் காவல் அவ்வளவு கண்டிப்பானது.

அந்தச் சிலவும் சும்மா இருப்பவை அல்ல என்பதை 2017-இல் அமெரிக்கத் தேசியக் கண் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் எலிகளிடம் காட்டினார்கள். எலியின் கண்ணில் வாழும் ஒருவகைப் பாக்டீரியா, அங்குள்ள எதிர்ப்பு அணுக்களை விழிப்பாக வைத்திருந்தது. அது இருந்த கண்ணில் காளானும் கொடிய கிருமியும் எளிதில் பற்ற முடியவில்லை. அது இல்லாத கண் சீக்கிரம் நோயுற்றது. லயத்தில் அன்னியர் நுழைந்தால் பக்கத்து வீட்டுக்காரர் குரல் கொடுப்பாரே, அதைப் போன்றது இது.

வறண்ட கண்ணில் இந்தக் குடித்தனத்தின் அமைப்பு மாறியிருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. வறட்சியால் மாற்றமா, மாற்றத்தால் வறட்சியா என்பதை ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஆராய்ந்து வருகிறார்கள். ஆனால் இமையோரத்தைப் பற்றிய ஒரு செய்தி தெளிவு. அங்கே அழுக்கும் பொடுகும் படிந்து கிருமிகள் அளவுக்கு மீறிப் பெருகினால், அவற்றின் நொதிகள் மைபோம் சுரப்பியின் எண்ணெயைச் சிதைக்கின்றன. சிதைந்த எண்ணெய் கண்ணை அரிக்கிறது. சுரப்பியின் வாயும் அடைத்துக்கொள்கிறது. கண்ணீர் விரைவில் காய்கிறது. ஆகவே சாதுவான அண்டை வீட்டாரும் அளவு மீறினால் தொல்லைதான். அதற்கு வழி, எல்லாரையும் கொல்வதல்ல. வாசலைச் சுத்தமாக வைத்துக்கொள்வது.

ஒரு சொட்டு தந்த பாடம்

காவல் தளர்ந்த கண்ணில் அசுத்தமான ஒரு சொட்டு என்ன செய்யும் என்பதற்கு அண்மையில் நடந்த ஒரு துயரமே சான்று. 2022, 2023-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் பலருக்கு, எந்த மருந்துக்கும் எளிதில் அடங்காத சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா தொற்றியது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கண் வறட்சிக்கென விற்கப்படும் செயற்கைக் கண்ணீரைப் பயன்படுத்தியவர்கள். தமிழ்நாட்டில் ஒரு தொழிற்சாலையில் தயாராகி அங்கே விற்பனைக்குச் சென்ற சொட்டு நீர்ப் புட்டிகளோடு தொற்று சம்பந்தப்பட்டிருந்தது. தூய்மை முறைகளில் குறை இருந்ததை அமெரிக்க அதிகாரிகள் கண்டார்கள். 2023 மே மாதக் கணக்கின்படி 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டனர். 14 பேர் பார்வையை இழந்தனர். 4 பேருக்குக் கண்ணையே அகற்ற நேர்ந்தது. 4 பேர் இறந்தனர்.

இதைச் சொல்வது செயற்கைக் கண்ணீரைக் கண்டு பயப்படுவதற்காக அல்ல. தகுந்த முறையில் தயாரித்த செயற்கைக் கண்ணீர் எத்தனையோ பேருக்கு நிவாரணம் தருகிறது. கண்ணில் விடும் பொருள் எதுவானாலும் தூய்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் பாடம். 1880-இல் ஒரு சொட்டு கண்ணைக் காத்தது. 2023-இல் ஒரு சொட்டு கண்ணைக் கெடுத்தது. அந்தச் சொட்டில் என்ன இருக்கிறது, எந்த நோய்க்கு, யார் பார்த்துக் கொடுத்தது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

நம் வீட்டுக்கு என்ன செய்தி?

இத்தனை சரித்திரத்திலிருந்தும் நாம் எடுத்துச் செல்ல வேண்டியவை சிலவே.

முதலாவது, அலமாரியிலிருக்கும் பழைய புட்டியை எடுத்து வீசிவிடுங்கள். ஒருவருக்குக் கொடுத்த கண் மருந்து மற்றவருக்கு ஆகாது. கிருமி கொல்லும் மருந்தைத் தேவையில்லாமல் விட்டால், அது சாதுவான அண்டை வீட்டாரையும் சேர்த்து அழிக்கிறது. முரட்டுக் கிருமிக்கு இடம் விடுகிறது. சில புட்டிகளில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். அதை விட்டவுடன் சிவப்பு மறையும், சுகமாக இருக்கும். மருத்துவர் கண்காணிப்பின்றித் தொடர்ந்து விட்டால் கண்ணின் உள்ளழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை நரம்பு பழுதாகும். கண்ணில் புரை வளரவும் கூடும்.

இரண்டாவது, கண் வறட்சி என்று மருத்துவர் சொன்னால், வெதுவெதுப்பான சுத்தமான துணியை மூடிய இமைமேல் ஐந்து பத்து நிமிடம் வைத்து ஒத்தடம் கொடுங்கள். உறைந்த எண்ணெய் இளகும். பிறகு இமையோரத்தை மெதுவாகத் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். முகம் துடைக்கும் துண்டு ஆளுக்கொன்றாக இருக்கட்டும். சொட்டு மருந்துப் புட்டியின் முனை கண்ணிலோ விரலிலோ படக்கூடாது. திறந்து எத்தனை நாள் வைக்கலாம் என்று எழுதியிருக்கிறதோ அதற்குமேல் வைக்கக் கூடாது. கைத்தொலைபேசியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும். இடையிடையே தலையை நிமிர்த்தித் தூரத்தில் பாருங்கள். நன்றாகக் கண்ணை மூடித் திறவுங்கள். வறட்சியோடு வாய் வறட்சியும் மூட்டு வலியும் இருந்தால், மூன்றையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். ஷோக்ரென் அந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்ததால்தானே நோயைக் கண்டார்.

மூன்றாவது, தாய்ப்பால், பூச்சாறு, இலைச்சாறு முதலியவற்றைக் கண்ணில் விடும் வழக்கம் நம்மிடம் இருந்து வந்திருக்கிறது. மருத்துவர் எட்டாத காலத்தில் பெரியவர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு பிள்ளையைக் காக்க முயன்றார்கள்; அவர்களைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவற்றில் கிருமி இருக்கக்கூடும் என்று இன்று நமக்குத் தெரியும். தெரிந்த பிறகு செய்யலாகாது.

நான்காவது, வேலையிடத்து ஆபத்து. செம்பனைக் குலை வெட்டும்போது மட்டைத் தூளோ சிராயோ கண்ணில் விழுந்தால் கசக்காதீர்கள். அந்தச் சிறு கீறல் வழியே பாக்டீரியாவும் காளானும் கருவிழிக்குள் புகுந்துவிடும். சுத்தமான நீரால் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். களைக்கொல்லியோ, ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அமிலமோ தெறித்தால், உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவி, நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கண்ணாடி அணிந்து வேலை செய்வது இதையெல்லாம் தடுக்கும். கண்ணில் கடும் வலி, பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, வெளிச்சம் தாங்காமை ஆகியவற்றில் எது கண்டாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

நேயர்களே, நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு துளி கண்ணீருக்காக எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டு அழுதார்கள் இரண்டு விஞ்ஞானிகள். அந்த ஒரு துளியின் அருமை தெரிந்தால், நம் வீட்டுப் பாட்டியின் கண்ணை இனி வேறு விதமாகப் பார்ப்போம். "வயசானா அப்படித்தான்" என்று தள்ளிவிட மாட்டோம். அடுத்த முறை அவர் கண்ணுக்குள் மண் விழுந்தது போல் இருக்கிறது என்று சொன்னால், மருமகள் அலமாரிப் பக்கம் போக வேண்டாம். "வாங்க அத்தை, டாக்டர்கிட்ட காட்டிட்டு வருவோம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போகட்டும்.